முக்கால் மாஸ்ரரின் சிபாரிசுக் கடிதம்

நான் ஒரு மோடன். இதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தத் தொடரை ஒழுங்காகப் படித்து வருபவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. மருதனார்மடம் சந்தையில் சைக்கிளை விட்டுவிட்டு மரக்கறிப் பையோடு நடந்தே வீட்டுக்கு வந்து, சைக்கிள் களவு போய்விட்டது என்று ஊரெல்லாம் விசாரித்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வீதியில் என்னை மறித்துச் சிரித்தவர்கள் பலர். சிரிக்கட்டும். அந்த மோட்டுத்தனத்தால் கால் நொந்தது எனக்கு மட்டும்தான்.

இந்த வாரக் கதை அப்படியல்ல. இதில் ஒரு பெண்பிள்ளையின் படிப்பையே நான் கவிழ்க்கப் பார்த்தேன். அதுவும் அவளுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு.

அது மாரிகாலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. விறாந்தையில் இருந்து தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தேன். படலை திறந்த சத்தம் கேட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு தர்மிகா வந்தாள். உச்சி முதல் பாதம் வரை நனைந்திருந்தாள். கைத்தொலைபேசி மட்டும் நனையவில்லை. அதைப் பாண் வாங்கிய பொலித்தீன் பை ஒன்றுக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

"இரு பிள்ளை," என்றேன். இருக்கவில்லை.

"சேர், என்னைப் பற்றி அவைக்கு என்ன எழுதினனீங்கள்?"

"அது இரகசியம். உனக்குச் சொல்லக்கூடாது எண்டு அந்தப் படிவத்திலை போட்டிருக்கு."

"அவைக்கு அது விளங்கேல்லையாம்."

"ஆருக்கு?"

"கம்பசுக்கு. உங்களிட்டை விளக்கம் கேட்டு மெயில் போட்டவையாம். பதில் இல்லையாம். வெள்ளிக்கிழமைக்குள்ளை பதில் வராட்டி என்ரை பெயரை எடுத்துப்போடுவினமாம்."

என் ஆங்கிலம் விளங்கவில்லையா என்றுதான் எனக்கு முதலில் ரோசம் வந்தது. அவளுடைய பெயரை எடுத்துவிடப் போகிறார்கள் என்பது இரண்டாவதாகத்தான் மண்டையில் ஏறியது. எந்த வரிசையில் எது ஏற வேண்டும் என்பது என் மண்டைக்கு எப்போதும் குழப்பம்.

ஏழை நாடுகளின் பட்டியல்

தர்மிகா யார் என்று சொல்ல வேண்டும். காங்கேசன்துறைக்குக் கிழக்கே கரையோரக் கிராமம் ஒன்றில் கடற்றொழில் செய்யும் நடேசன் என்பவரின் மகள். நான் இரசாயனவியல் ஆசிரியனாக இருந்து ஓய்வுபெறுவதற்கு முன் கடைசியாகப் படிப்பித்த வகுப்பில் இருந்தவள். உயர்தரத்தில் நல்ல பெறுபேறுதான். ஆனாலும் இங்கத்தைய பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு ஒரு மயிரளவு கீழே நின்றுவிட்டாள். திரும்ப எழுதினாள். திரும்பவும் அதே மயிர். மூன்றாவது தடவையோடு அந்தக் கதவு மூடியாயிற்று.

அப்போதுதான் வடக்கே ஒரு குளிர்நாட்டில், ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கொடுத்துப் படிப்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றை அவள் இணையத்தில் கண்டுபிடித்தாள். கடல்வள விஞ்ஞானம். மீன்காரர் பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்?

அந்தப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. எந்தெந்த நாடுகள் ஏழை நாடுகள் என்று. எங்கள் நாடு நடுத்தர வருமான நாடு என்று ஒருகாலம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தது. அந்தக் காலத்தில் பட்டியலில் எங்கள் பெயர் இல்லையாம். பிறகு பெற்றோல் வரிசை, எரிவாயு வரிசை, பால்மா வரிசை என்று நாங்கள் நின்ற வரிசைகளுக்கெல்லாம் பலனாகப் பெயர் திரும்பி வந்திருந்தது. அதைக் கண்டதும் நானும் அவளும் சந்தோஷத்தில் கைதட்டினோம். தன் நாடு ஏழையானதற்குக் கைதட்டிய ஓய்வூதியக்காரன் நானாகத்தான் இருப்பேன். கைதட்டிய பிறகு, இது கைதட்ட வேண்டிய விஷயமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முடிவு காணவில்லை.

விண்ணப்பத்துக்கு ஆசிரியர் ஒருவரின் சிபாரிசு வேண்டும். கடிதத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்க முடியாது. பல்கலைக்கழகமே எனக்கு நேரே படிவம் அனுப்பும். நான் நிரப்பி நேரே திருப்பி அனுப்ப வேண்டும். அப்படியே நிரப்பி அனுப்பினேன். அனுப்பிய அன்று, நான் இதுவரை எவருக்கும் எழுதாத அளவுக்குப் புகழ்ந்துவிட்டேனோ என்று என் பிரதியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

சராசரிக்கு மேல்

அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலை என் மனைவி கமலாதான் கண்டுபிடித்தாள். தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்தவள். தொலைந்த கடிதம் எந்த மூலையில் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாத விளம்பரங்கள் சேரும் பெட்டிக்குள், மூட்டுவலித் தைலத்துக்கும் சீட்டிழுப்புப் பரிசுக்கும் நடுவில் அது கிடந்தது. அலுவலர் ஒரு பெண்மணி. மிக மரியாதையாக எழுதியிருந்தார். அதன் சாரம் இதுதான்:

"மதிப்புக்குரிய ஐயா, உங்கள் கடிதத்தால் எங்கள் குழு குழம்பியிருக்கிறது. நீங்கள் இந்த மாணவியைச் சிபாரிசு செய்கிறீர்களா, இல்லையா?"

"என்னத்தையப்பா எழுதினனீங்கள்?" என்றாள் கமலா.

இரகசியம் இனி எதற்கு? என் பிரதியை எடுத்துக் காட்டினேன். தர்மிகாவை மட்டும் துவாயைக் கொடுத்து உள்ளே தலை துவட்ட அனுப்பிவிட்டோம். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது வேறு கதை.

படிவத்தில் ஐந்து வட்டங்கள் இருந்தன. நான் படிப்பித்த எல்லாருக்குள்ளும் முதலாவது ஆள் என்பது மேலே. பிறகு முதல் சிலருக்குள், பிறகு மிக நன்று, பிறகு சராசரிக்கு மேல், கடைசியில் சராசரி. நான் "சராசரிக்கு மேல்" என்பதில் அடையாளமிட்டிருந்தேன்.

"இது கீழையிருந்து ரெண்டாவது," என்றாள் கமலா.

"மேலையெண்டு போட்டிருக்கே."

அவள் அடுத்ததைப் படித்தாள். மாணவியின் திறமை பற்றி: "குறை சொல்லும்படியாக எதுவுமில்லை." பொருளாதார நிலை பற்றி: "கௌரவமான குடும்பம்." பலவீனங்கள் பற்றி: ஒன்றரைப் பக்கம். அலகுகளை எழுத மறப்பாள். கையெழுத்து வலப்பக்கம் சரியும். ஆசிரியர் சொன்னதை உடனே நம்பமாட்டாள், ஏன் என்று கேட்பாள். காலையில் அடிக்கடி பிந்தி வருவாள்.

"ஏன் பிந்தி வாறவள்?"

"தேப்பன்ரை வள்ளம் கரைக்கு வந்தாப்பிறகு வலையிலை மீன் கழட்டிப்போட்டுத்தானே வாறவள்."

"அதை எழுதினனீங்களோ?"

"வீட்டுக் கதையை ஏன் வெளிநாட்டுக்காரருக்குச் சொல்லுவான்?"

கமலா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் எனக்குக் கஷ்டகாலம்.

"கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து என்ரை கறியைப் பற்றி நீங்கள் சொன்ன ஒரே நல்ல சொல்லு என்னெண்டு தெரியுமோ? 'உப்புக் காணும்.' உப்புப் போதுமாம், அவ்வளவுதான். நான் உங்களோடை இருக்கிறபடியால் எனக்கு அது விளங்கும். அந்தக் குளிருக்கை இருக்கிற மனுசிக்கு என்னெண்டு விளங்கும்?"

முக்கால்

இங்கே என்னைப் பற்றி ஒரு விளக்கம் அவசியம். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் "முக்கால்". என் வாழ்நாளில் எந்தப் பிள்ளைக்கும் எழுபத்தைந்துக்கு மேல் நான் புள்ளி போட்டதில்லை. நூறு என்பது பாடப்புத்தகத்தை எழுதியவருக்கு. தொண்ணூறு எனக்கு. மிச்சத்தில்தான் பிள்ளைகள். இதை நான் கொடுமையாக நினைத்ததில்லை. மெச்சினால் நாவூறு படும், மெச்சினால் பிள்ளை கெட்டுப்போகும் என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள்.

எனக்கும் ஒருகாலத்தில் வெளிநாட்டுப் புலமைப்பரிசில் ஒன்று தட்டுப்பட்டது. எங்களைப் போன்ற நாட்டு இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் படிப்பித்த காலம் அது. எங்கள் பௌதிக மாஸ்ரர் சிபாரிசுக் கடிதத்தை ஒட்டாத உறையில் வைத்துத் தந்து, "படிக்காதை," என்றார். நெல்லியடி பஸ் நிலையத்துக்கு வந்ததும் வராததுமாகப் படித்தேன். ஒரே வரி. "இவரால் எனக்கு ஒரு தொந்தரவும் ஏற்பட்டதில்லை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர் வாயிலிருந்து இப்படியொரு புகழ்ச்சி வரும் என்று நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. சுருள் கடலை ஒன்று வாங்கி, கடிதத்தில் எண்ணெய் படாமல் ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாப்பிட்டேன். கடலையின் சூடும், உள்ளங்கையில் ஒட்டிய உப்பும் இன்றும் நினைவிருக்கின்றன.

எனக்குப் புலமைப்பரிசில் கிடைக்கவில்லை. அதற்கு நான் கொழும்பைக் குறை சொன்னேன். அரசாங்கத்தைக் குறை சொன்னேன். என் சாதகத்தைக் குறை சொன்னேன். தபாற்காரரைக்கூட விடவில்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகு, கமலா மடியில் கண்ணாடியோடு முன்னால் இருந்த அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அந்த ஒற்றை வரி முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தது.

அந்த மாஸ்ரர் நல்லவர். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதனால்தான் குழப்பம் கூடுகிறது.

சனசமூக நிலையக் கதிரை

புதன்கிழமை காலை காங்கேசன்துறை பஸ் பிடித்தேன். வீட்டு நிலைமையை நேரில் கண்டு, ஒழுங்காக எழுதுவோம் என்று எண்ணம். சீமெந்து ஆலையைக் கடந்து இறங்கி, கடற்காற்றுக்கு எதிராகக் குடையோடு மல்லுக்கட்டி நடந்தேன். குடை வென்றது.

நடேசன் வாசலிலேயே நின்றார். மகள் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். பெரிய கைகள், சின்னக் குரல். "வாங்கோ சேர், இருங்கோ," என்று சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டார். அதன் முதுகில் வெள்ளைப் பெயின்ற்றால் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பெயர் எழுதியிருந்தது. இரவல் கதிரை. அவரும் மகளும் நின்றார்கள். வேறு கதிரை இல்லை. எனக்குச் சோடா வந்தது. அடுப்பில் மீன் பொரியும் வாசம் வந்தது. முற்றத்துக்கு அப்பால் கரையில் ஒரு வள்ளம் கவிழ்த்துக் கிடந்தது. அதற்கு எஞ்சின் இல்லை. இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போன பிறகு எஞ்சினை விற்றுவிட்டு, அவர் இன்னொருவரின் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார் என்று தர்மிகா முன்பு ஒருமுறை சொன்னது நினைவு வந்தது.

"நடேசன், ஒரு விளக்கம் எழுதவேணும். வீட்டுக் கஷ்ட நட்டங்களைச் சொன்னியள் எண்டால்..."

"ஒரு குறையும் இல்லை சேர்."

"அப்பா," என்றாள் தர்மிகா.

"நீ பொறு. சேர், பிள்ளையைக் கெட்டிக்காரி எண்டு எழுதுங்கோ. கஷ்டப்பட்ட குடும்பம் எண்டு எழுதாதேங்கோ. கடுதாசியிலை போனால் அது நிண்டு பிடிக்கும். நாளைக்கு அவளைப் பொம்பிளை பாக்க வாறவை என்ன நினைப்பினம்?"

"அப்பா, கஷ்டம் இல்லாட்டி அவை தரமாட்டினம். அது கஷ்டப்பட்ட ஆக்களுக்குத்தான்."

"கெட்டிக்காரருக்கு எண்டுதானே சொன்னனீ?"

"ரெண்டும் இருக்கவேணும் அப்பா."

நடேசன் என்னைப் பார்த்தார். படித்தவன், விளக்குவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் சோடாப் போத்தலைப் பார்த்தேன். திறமையை மறை, இல்லாமையையும் மறை என்றுதான் நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். உலகத்தின் மறு அந்தத்தில் ஒரு குழு மேசை போட்டு இருந்துகொண்டு, அந்த இரண்டையும்தான் காட்டு என்கிறது. அவர்கள் கேட்பதும் நியாயம். இவர் மறைப்பதும் நியாயம். நடுவில் நான், இன்னொருவரின் கதிரையில்.

பிள்ளை கெட்டிக்காரிதான் என்பதற்கு அத்தாட்சி காட்ட நினைத்தாரோ என்னவோ, நடேசன் உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்தார். இடம்பெயர்ந்த குடும்பங்கள் எல்லாவற்றிடமும் இப்படி ஒரு பை இருக்கும். ஓட வேண்டி வந்தால் முதலில் தூக்குவது. தடித்த பொலித்தீனுக்குள் காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், குடும்ப அட்டை. அவற்றுக்கு நடுவிலிருந்து நாலாய் மடித்த தாள்கட்டு ஒன்றை எடுத்து என் கையில் தந்தார்.

என்னுடைய சிவப்புப் பேனை. தவணைப் பரீட்சை விடைத்தாள். மேல் மூலையில் எழுபத்தாறு.

கூட்டல்

அந்தத் தாளை நான் மறந்திருக்கவில்லை. மறக்க முயன்றிருந்தேன். என் எழுபத்தைந்துச் சுவர் இடிந்தது அந்த ஒரு தடவைதான். பள்ளிக்கூடமே அதிசயப்பட்டது. விடைத்தாள் கொடுத்த மறுநாள் இவள் ஆசிரியர் அறைக்கு வந்து, "சேர், கூட்டல் பிழை போலை கிடக்கு," என்றாள். தப்பித் தவறி ஒரு புள்ளி கூடிவிட்டதைத் திருப்பித் தர வந்திருக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. தாளை வாங்கிப் பார்க்கவும் இல்லை. பெருந்தன்மையோடு கையை அசைத்து, "கிடக்கட்டும்," என்றேன். அவள் போய்விட்டாள். பிறகு பல வருடம் அந்தப் பெருந்தன்மையை நினைத்து நானே என்னை மெச்சியிருக்கிறேன். மெச்சுவதற்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆள் நான்தான்.

இப்போது சோடாவை நிலத்தில் வைத்துவிட்டுப் பக்கம் பக்கமாகக் கூட்டினேன். எழுபத்தெட்டு வந்தது. திரும்பக் கூட்டினேன். அதே எழுபத்தெட்டு.

"பிள்ளை, இது எழுபத்தெட்டெல்லே?"

"ஓம் சேர்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். அதைச் சொல்லத்தானே வந்தனான்."

"பிறகேன் பேசாமல் போனனீ?"

"நீங்கள் கிடக்கட்டும் எண்டு சொன்னனீங்கள் சேர்."

கடற்காற்று தாளைப் படபடவென்று அடித்தது. நடேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுபத்தாறோ எழுபத்தெட்டோ, அவர் அதைக் காணி உறுதியோடு வைத்திருந்தார்.

நான் எழும்பி, அந்தக் கதிரையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் கேட்டேன். "நடேசன், கஷ்டம் எண்டு ஒரு சொல்லும் எழுதமாட்டன். நான் கண்ணாலை கண்டதை மட்டும் எழுதட்டோ?"

அவர் கதிரையின் முதுகில் இருந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த வள்ளத்தையும் பார்த்தார்.

"கதிரையைப் பற்றி எழுதுங்கோ," என்றார் கடைசியில். "வள்ளத்தையும் எழுதுங்கோ. எங்களைப் பற்றி எழுதாதேங்கோ."

இரண்டாவது கடிதம்

வியாழக்கிழமை முழுவதும் எழுதினேன். புகழ்ச்சிச் சொல் ஒன்றைத் தட்டினால் விரல் தானாகவே அதை அழித்தது. பழக்கம். கமலா பின்னால் நின்று, "அழிக்காதேங்கோ," என்றாள். கடைசியில் சொற்களை விட்டுவிட்டுக் கண்டதையும் செய்ததையும் எழுதினேன். என் ஊரில் குறை இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று எழுதினேன். நான் எழுபத்தைந்துக்கு மேல் போடாதவன் என்றும், ஒருத்திக்கு மட்டும் போட்டேன் என்றும், அவளையும் இரண்டு புள்ளி ஏமாற்றிவிட்டேன் என்றும் எழுதினேன். அவள் பிந்தி வந்த காலைகளில் விரல்களில் மீன்செதில் ஒட்டியிருந்ததை எழுதினேன். வீட்டில் குறை ஒன்றுமில்லை என்று தகப்பன் சொன்னார், அதைச் சொல்லும்போது நான் இருந்த கதிரை ஊர்ச் சனசமூக நிலையத்துடையது, அவர் நின்றார், அவருடைய வள்ளத்துக்கு எஞ்சின் இல்லை என்று எழுதினேன். பிறகு முதல் வட்டத்தில் அடையாளமிட்டேன். யாரோ பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். கமலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிய அனுப்பினோம். "கடிதம் கிடைத்தது, நன்றி," என்று பதில் வந்தது. அவ்வளவுதான். அது நல்ல நன்றியா, போதும் நிறுத்து என்ற நன்றியா என்று எனக்குப் பிடிபடவில்லை. கமலாவுக்கும் பிடிபடவில்லை என்பது ஆறுதல்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தர்மிகாவைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள். காத்திருப்போர் பட்டியல் என்றால் உண்டு என்பதா, இல்லை என்பதா? நடேசன் மூன்று தரம் தொலைபேசியில் கேட்டார். மூன்று தரமும் நான் வெவ்வேறு விளக்கம் சொன்னேன். பிறகு திடீரென்று ஒரு நாள் இடம் கிடைத்தது என்றார்கள். யாரோ வராமல் விட்டார்களா, குழு மனம் மாறியதா, தெரியாது. என் கடிதத்தால் கிடைத்ததா, என் கடிதம் இருந்தும் கிடைத்ததா? இந்தக் கேள்வி பல்லிடுக்கில் மீன்முள் போல என்னோடு கிடந்தது.

அவள் போய் ஆறேழு மாதம் இருக்கும். சென்ற கிழமை வட்சப்பில் படம் ஒன்று அனுப்பினாள். கழுத்துவரை மூடிய குளிர்ச்சட்டை. பின்னால் ஒரு சாம்பல் நிறக் கடல். எங்கள் கடலுக்குச் சுகமில்லாமல் வந்ததுபோல இருந்தது. கீழே இரண்டு வரி. அங்கே மாணவர்கள் தங்கள் விண்ணப்பக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாமாம். தான் கேட்டு வாங்கினாளாம். "ரெண்டு கடிதத்தையும் வாசிச்சிட்டன் சேர்."

முதலாவது கடிதத்தை, அந்த ஒன்றரைப் பக்கப் பலவீனத்தை, அவள் அந்நிய நாட்டில் தனியே இருந்து படித்திருக்கிறாள். கடைசியில் ஆசிரியப் புத்தியோடு இப்படித் தட்டினேன்: "முதலாவதை மறந்துவிடு பிள்ளை. இரண்டாவது கடிதத்துக்கு எத்தனை புள்ளி போடுவாய்?"

பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. கமலாவைக் கூப்பிட்டேன். அவள் அகப்பையோடு வந்து நின்றாள். இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, பதில் வந்தது.

"எழுபத்தாறு. கிடக்கட்டும், சேர்."